பீலிக்கு வலை வேண்டுமா?

புதிதாக வீடு கட்டுவோர் அத்திவாரத்தைப் பற்றி ஆறு மாதம் ஆலோசிப்பர். நிலைக்கும் கதவுக்கும் ஏற்ற மரம் எதுவென்று நாலு ஓடாவிமாரைக் கேட்பர். தரைக்குச் சீமெந்து பூசுவதா, ஓடு பதிப்பதா என்பதில் இல்லத்தரசியோடு இரண்டொரு நாள் பிணங்கவும் செய்வர். ஆனால் கூரையின் விளிம்பிலே தொங்கப்போகும் பீலியைப் பற்றி அவர்கள் எண்ணத் தொடங்குவது, கையிருப்பெல்லாம் கரைந்து, குடிபுகும் நாளும் குறித்தாகிவிட்ட பின்னரேயாம்.

இவ்வாறு கடைசியாக எண்ணப்பட்ட பீலியே வீட்டில் முதலாவதாகத் தொல்லை தருவதும் உண்டு. இலை அடைக்கின்றது, நீர் தேங்குகின்றது, சுவர் ஊறிச் சுண்ணம் உதிர்கின்றது. இத்தொல்லைக்கு மருந்தென்று சொல்லிப் பீலி வலை, பீலி மூடி எனப் பலவகைப் பொருள்கள் இப்பொழுது விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றைப் பொருத்துவது நன்றோ, பொருத்திவிட்டால் ஏணி எடுக்கும் வேலை ஒழிந்துவிடுமோ என்று நேயர்கள் சிலர் நம்மை வினவுகின்றனர். அவ்வினாவையே இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். சிறிய பொருளாயினும், வீட்டின் சுவரையும் கிணற்றின் நீரையும் குழந்தைகளின் நலத்தையும் தொடுகின்ற பொருளாதலின், சற்று விரிவாகவே நோக்குதல் தகும்.

பீலியின் வேலை

நம் பாட்டன்மார் கிடுகு வேய்ந்த வீடுகளில் வாழ்ந்த காலத்திலே பீலியைப் பற்றிய பேச்சு மிகுதியாக எழுந்ததில்லை. தாவாரத்திலிருந்து சொட்டிய நீர் மணலில் விழுந்து மறைந்தது. வேண்டியபொழுது கமுக மரத்தைப் பிளந்து, நடுவைக் குடைந்து, தாவாரத்தின் கீழே கட்டிக் குடத்தில் நீரை ஏந்திக்கொண்டனர். வளவு பெரிது, அயலவர் வீடு தொலைவு.

இன்றைய நிலை வேறு. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடம் வழிப்போக்கருக்குத் தெரிவதில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையிலே ஒடுங்கிய மணற்றரை. பெண்மக்களுக்கு வீடும் வளவும் கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் இப்பகுதியில் வேரூன்றியிருத்தலால், தாயின் வளவு மகளிருக்கும், மகளிரின் வளவு பேத்தியருக்குமாகப் பிரிந்து பிரிந்து, வீடுகள் மதிலோடு மதில் ஒட்டி நிற்கலாயின. பீலி இல்லையேல் ஒருவர் கூரையில் விழும் மழை மற்றவர் முற்றத்தில் விழுமே தவிர, வேறு இடம் அதற்கில்லை.

அந்த மழையின் அளவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். கணக்கு எளியது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லீற்றர் நீர். 1,000 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 93 சதுர மீற்றர் ஆகும். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது கார்த்திகை, மார்கழியில் நம் கரைக்குப் புதுமையன்று. அத்தகைய நாளில் அச்சிறு கூரை 9,300 லீற்றர் நீரை இறக்குகின்றது. ஆண்டு மழையை 1,600 மில்லிமீற்றர் என்று கொண்டால் 148,000 லீற்றருக்கு மேல் வரும். அதிலும் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மூன்று நான்கு மாதங்களுக்குள்ளேயே வந்து இறங்கிவிடும். இவ்வளவையும் தாங்கி, ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பீலியின் வேலை.

பீலி அடைத்துக்கொண்டாலோ, தாங்கவேண்டிய நீர் சுமையாகிவிடுகின்றது. ஐந்து அங்குல அகலமும் நான்கு அங்குல ஆழமும் உள்ள பீலி நிறைந்து நின்றால், பத்தடி நீளத்தில் மட்டும் ஏறத்தாழ 39 கிலோ நீர் நிற்கும். ஊறிய இலையும் சேறும் அதற்கு மேல். தாங்கும் கொக்கிகள் வளைவதும், விளிம்புப் பலகை உளுத்துப்போவதும் இதனாலேயே.

வலையின் வகைகள்

பீலி வலைகள் பெரிதும் வழங்கிவருவது குளிர்நாடுகளிலே. அங்கே இலையுதிர்காலம் என்று ஒரு பருவம் உண்டு. சில வாரங்களுக்குள் மரமெல்லாம் மொட்டையாகி இலை முழுவதும் கூரையில் வந்து குவியும். அதனைத் தடுப்பதற்கே இவ்வலைகள் ஆக்கப்பட்டன. நமக்கு அத்தகைய பருவம் இல்லை. வேம்பு மாசி, பங்குனியில் உதிர்க்கும். மா தன் விருப்பம்போல் உதிர்க்கும். தென்னை ஆண்டு முழுவதும் பூவும் குரும்பையும் பன்னாடையும் போட்டுக்கொண்டேயிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ பீலி காய்ந்து கிடக்க, மணலும் தூசியும் சருகும் அதிலே படிந்து, முதல் மழைக்காகக் காத்திருக்கும். ஆகவே பிறநாட்டாருக்கு உதவிய பொருள் நமக்கும் அவ்வாறே உதவும் என்று கொள்ளுதற்கில்லை.

கடைகளிற் காணப்படும் வகைகள் பெரும்பாலும் நான்கு. பீலியின் வாயை மூடும் கம்பி வலை அல்லது பிளாஸ்டிக் வலை ஒன்று. போத்தல் கழுவும் தூரிகையைப் பெரிதாக்கினாற்போன்று பீலிக்குள் நீளமாகக் கிடத்தப்படும் மயிர்த்தூரிகை இரண்டாவது. நீரை உட்புகவிடும் நுரைப்பஞ்சு மூன்றாவது. நான்காவது, விளிம்பு உருண்டு வளைந்த தகட்டு மூடி. கேத்திலைச் சரித்துத் தேநீர் ஊற்றும்போது சில துளி கோப்பையில் விழாமல் மூக்கின் அடிப்புறமாக ஒட்டி வழிவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே மழைநீர் அத்தகட்டின் வளைவைப் பற்றிக்கொண்டு உள்ளே செல்ல, இலை மட்டும் வெளியே வீழ்ந்துவிடும் என்பது அதன் தத்துவம்.

இவற்றோடு, இறங்குகுழாயின் வாயில் மட்டும் வைக்கப்படும் கம்பிக் கூடு ஒன்றும் உண்டு. விலை மலிவு. குழாய் அடைபடாமல் அது காக்கும். ஆயினும் அக்கூட்டைச் சுற்றி இலை குவிந்துவிட்டால் பீலியே குளமாகிவிடும்.

நன்மைகள்

குறை கூறுமுன் குணத்தைக் கூறுதல் முறை. மா, பலா, ஈரப்பலா, நாட்டு வாதுமை முதலிய அகன்ற இலை மரங்கள் கூரையின் மேற் கவிந்து நிற்கும் வீட்டுக்கு வலை உண்மையிலேயே பேருதவி. அவ்விலைகள் வலையின் மேற் கிடந்து காய்ந்து காற்றோடு போய்விடும். கடற்கரை ஊர்களிலே காகம் கூரைக்குக் கொண்டுவந்து போடும் மீன் முள்ளும் செதிளும், சிறுவர் எறிந்த பந்தும் பீலிக்குள் விழுவதில்லை. அணிலும் பறவையும் பீலிக்குள் கூடு கட்டுவது அரிதாகும்.

அடிக்கடி ஏணியில் ஏறும் தேவை குறைவது மற்றொரு நன்மை. இதனைச் சிறிதென்று எண்ணலாகாது. வீட்டிலுள்ள பிள்ளைகள் தொழில் தேடிக் கொழும்புக்கும் மத்தியகிழக்கு நாடுகளுக்கும் போய்விட, அறுபது வயதைக் கடந்த தந்தையே ஏணியை எடுக்கும் இல்லங்கள் இன்று பல. நனைந்த சுவரிற் சாத்திய ஏணி வழுக்கினால் இடுப்பெலும்பு முறியும். அந்த வயதிலே இடுப்பெலும்பு முறிவு என்பது பல மாதம் படுக்கையில் கிடத்தும் துன்பம்.

மூன்றாவது நன்மை நீரின் தூய்மை. கூரை நீரைத் தொட்டியிற் சேமிப்போருக்கு, இலை அழுகிய சாயநீர் சேராமல் காப்பதற்கு வலை ஒரு முதற் காவல்.

தீமைகள்

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். வலையின் முதற்குறை, அது இலையை மறைப்பதோடு பீலியின் உட்புறத்தையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுவது. திறந்த பீலியில் நீர் தேங்கினால் மாடியிலிருந்தோ ஏணியிலிருந்தோ காணலாம். மூடிய பீலியில் தேங்கினால் அறிவது நுளம்பு ஒன்றுதான்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றிச் சிறிதளவாகத் தேங்கிய ஓரளவு தெளிந்த நீரே அதற்குப் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை செல்லும். நீர் வற்றிவிட்டாலும் அதன் முட்டை காய்ந்த நிலையிற் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையிற் பொரிக்கும். அவுஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள கெயின்ஸ் நகரில் ஆராய்ந்தோர், கூரைப் பீலிகள் இந்நுளம்பின் முக்கியமான இருப்பிடங்களுள் ஒன்றென்று 2002ஆம் ஆண்டில் எழுதினர். சிங்கப்பூரில் அரசாங்கம் குடும்பங்களுக்குக் கூறும் ஐந்து அறிவுரைகளுள் ஒன்று, பீலியை அடைப்பின்றி வைத்து, அதிலே குடம்பிகளைக் கொல்லும் பற்றீரிய மருந்தை இடவேண்டும் என்பது.

நம் நாட்டு நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவாயிற்று; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். காய்ச்சல் தணிந்தது கண்டு பெற்றோர் ஆறுதலடையும் அதே நாளிற்றான் இந்நோயின் ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடும். பகலிற் கடிக்கும் நுளம்பாதலால், பகலில் வீட்டிலிருக்கும் தாய்மாரும் சிறுபிள்ளைகளுமே அதற்கு எளிதில் அகப்படுகின்றனர். நுளம்பு பெருகுவதற்கு இடங்கொடாமல் வளவைப் பேணுவது உரிமையாளருக்கும் குடியிருப்போருக்கும் உரிய கடமையென்று 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் விதித்துள்ளது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது, “வலை போட்டிருக்கிறோம்” என்பது விடையாகாது.

வலை நுளம்பைத் தடுக்காதோ என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல். படுக்கை நுளம்புவலையின் கண் ஒரு மில்லிமீற்றரைச் சற்றே கடந்த அளவினது. பீலிக்கு விற்கப்படும் மலிவான வலைகளின் கண்ணோ அதனினும் பன்மடங்கு பெரிது. நுளம்பு தடையின்றிப் போய்வரும். மிக நுண்ணிய கண்ணுடைய வலையை வாங்கினால், கச்சான் கொண்டுவரும் தூசியும், பாசியும், மரப்பாலும் நாளடைவில் அக்கண்களை அடைத்துவிடும். சுருங்கக் கூறின், இலையைத் தடுக்கும் வலை நுளம்பைத் தடுப்பதில்லை; நுளம்பைத் தடுக்கும் வலை சிறிது காலத்தில் மழையையும் தடுக்கின்றது. இரண்டுக்கும் இடையே தப்பிச் செல்ல ஒரேயொரு வழிதான் உண்டு: பீலியில் நீர் தேங்கவே இடமில்லாதபடி சாய்வு வைத்தல். சாய்வு சரியாயிருப்பின் வலை வேண்டாதபோதும் நுளம்பு இல்லை. சாய்வு பிழையாயின் வலை இருந்தும் பயனில்லை.

இரண்டாவது குறை, பெருமழையில் வெளிப்படுவது. சரிவான ஓட்டுக் கூரையில் வேகமாக இறங்கும் நீர், வலையின் மேலே வழுக்கிக்கொண்டு பீலியைத் தாண்டிப் பாய்ந்துவிடும். வளைந்த மூடியின் நிலையும் அஃதே. தூறலில் வளைவைப் பற்றிக்கொள்ளும் நீர், அடைமழையில் அதனை மதிப்பதில்லை. இரு கூரைகள் கூடும் மூலையில் இத்தொல்லை மிகுதி.

நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவர், மாவிலைத் தொல்லை தாங்காமல் வீடு முழுவதற்கும் வலை பொருத்தினார். கார்த்திகை மழையின் மூன்றாம் நாள் அயல்வீட்டு இளைஞர் குடையோடு வந்து நின்றார்.

“காக்கா, நீங்க வல போட்டது உங்கட எலைக்கி. தண்ணி வாறது எங்கட குசினிக்கி.”

வணிகர் வாசலுக்கு வந்து மதிலைப் பார்த்தார். கூரை மூலையிலிருந்து பாய்ந்த நீர் நேரே அடுத்த வீட்டு அடுப்படிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

“மனசில வெச்சிக்காதீங்க தம்பி. மழ உட்டதும் ஆளக் கூட்டி வந்து பாக்கன்.”

சொன்னபடியே செய்தார். மூலையில் மட்டும் வலையைக் கழற்றி, பீலியின் வெளிவிளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்புத் தகடு வைத்ததும் பாய்ச்சல் நின்றது. செலவு சிறிது. அயலவர் குடையோடு வந்து நயமாகச் சொன்னதும், இவர் முகங்கோணாமற் கேட்டதும் அச்செலவைச் சிறிதாக்கின. தாவாரத் தண்ணீரால் தலைமுறைப் பகை மூண்ட கதைகளும் நம் ஊர்களில் இல்லாமலில்லை. பீலியைப் பற்றிய எந்த ஏற்பாடும் மதிலுக்கு அப்பாலுள்ளவரையும் எண்ணிச் செய்யப்படல் வேண்டும்.

மூன்றாவது குறை கடற்காற்றினால் வருவது. நாகம் பூசிய இரும்பு வலை உள்நாட்டில் நெடுங்காலம் உழைக்கும். கரையோரத்தில் உப்பு அதனை விரைவில் துருவாக்கும். துரு பீலியிற் படிந்து, சேமித்த நீரிலும் கலக்கும். அலுமினியப் பீலியின் மேல் வேறு உலோக வலையை வைத்துக் கட்டினால், உப்பீரம் இரண்டையும் இணைத்து, அவற்றுள் ஒன்றை விரைவில் அரிக்கச் செய்யும். பிளாஸ்டிக் துருப்பிடியாது, ஆனால் வெயிலைத் தாங்குமாறு ஆக்கப்படாத மலிவான சரக்கு, சில ஆண்டில் அப்பளம்போல் நொறுங்கும். கடலுக்கு அண்மையிலுள்ளோர் பி.வி.சி. பீலியும், வெயில் தாங்கும் பிளாஸ்டிக் வலை அல்லது துருவேறா உருக்கு வலையும் தேடுதல் நன்று.

நான்காவது குறை மரத்தைப் பொறுத்தது. முருங்கை, புளி, வேம்பு ஆகியவற்றின் சிற்றிலைகள் பெரிய கண்ணுள்ள வலையினூடே இறங்கிவிடும். சவுக்கு மரத்தின் ஊசியிலைகள் வலைக்கண்களிற் குத்திட்டு நின்று, அதன்மேல் மற்றவை படிந்து பாய் முடைந்தாற்போல் ஆகிவிடும். தூரிகையும் நுரைப்பஞ்சும் இவ்விடத்தில் இன்னும் மோசம். தென்னம்பூ அவற்றிற் சிக்கினால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதே.

கிணறும் தொட்டியும்

பீலி நீரை எங்கே விடுவது என்பதும் வலையைப் பற்றிய முடிவோடு சேர்ந்த கேள்வி. நம் கரையோர மணலின் கீழே, மழையால் இறங்கிய நன்னீர், கனம் மிகுந்த உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் ஆராய்வோர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. மேலே ஓரடி இழப்பது கீழே நாற்பதடி இழப்பதாகும். அந்த ஓரடியை நிரப்புவது மழையன்றி வேறன்று.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாளின் கடற்கோளை இங்கு நினையாதிருக்க முடியாது. இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரம் பேருக்கு மேல் மறைந்தனர். எஞ்சியோரின் கிணறுகளிலும் உப்பு புகுந்தது. இறைத்து இறைத்துப் பார்த்தும் பல கிணறுகள் தேறவில்லை. அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் கீழிருந்த உப்பு மேலேறியதும் உண்டு. அவற்றைப் பையப்பையத் தேற்றியது அடுத்தடுத்துப் பெய்த பருவமழையே. குழாய் நீர் வந்த பின்னரும் அப்பாடத்தை மறத்தல் ஆகாது.

ஆதலின் கூரை நீரை வீதி வடிகாலுக்கு விடுவதினும், வளவுக்குள்ளேயே கல்லும் மணலும் நிரப்பிய ஊறுகுழியில் இறக்குவது சிறந்தது. அக்குழி மலசலகூடக் குழிக்கு அருகில் இருத்தலாகாது. பீலி நீரை நேரே கிணற்றுக்குள் விடுவதும் தவறு. கூரையிலுள்ள பறவை எச்சம் கிணற்றிற் சேரும். 2007ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தம் மழைநீர் சேகரிப்பை நகரக் கட்டிட விதிகளுள் ஒன்றாக்கியது. கல்முனை போன்ற மாநகர எல்லைக்குள் வீடு கட்டுவோர் வரைபடம் தயாரிக்கும்போதே இதனைக் கவனித்தல் வேண்டும்.

தொட்டியிற் சேமிப்போர்க்கு வலை மட்டும் போதாது. வலை இலையைத் தடுக்கும். தூசியையும் எச்சத்தையும் தடுக்காது. ஆகவே முதல் மழையின் முதல் நீரைப் புறத்தே கழித்தல் வேண்டும். முற்கூறிய கூரைக்கு ஒரு மில்லிமீற்றர் மழையளவைக் கழிப்பதானால் 93 லீற்றர் நீரைக் கழிக்கவேண்டும். இறங்குகுழாயின் வாயைத் திருப்பி வைக்கும் ஒரு சிறு முழங்கை இணைப்பு இதற்குப் போதும். தொட்டியின் வாய்க்கு மாத்திரம் நுளம்பு புகாத நுண்வலை இன்றியமையாதது. அது கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் கழுவுவதும் எளிது.

முடிவு செய்யும் முறை

வலை வாங்குமுன் வீட்டார் தம்மைத் தாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வாராக.

கூரையின் மேல் நிற்கும் மரம் எது? அகன்ற இலை மரமாயின் வலை உதவும். சிற்றிலை மரமோ சவுக்கோ ஆயின் உதவி குறைவு. மரமே இல்லையாயின் வலை வீண்செலவு. கிளை ஒன்றை வெட்டினால் தீரும் தொல்லைக்கு வீடு முழுவதும் வலை எதற்கு?

பீலி உண்மையில் வேண்டுமா? வளவு அகன்று, தாவாரம் நீண்டு, நீர் விழுமிடம் மணலாயின், கீழே கூழாங்கல் பரப்பிவிட்டுப் பீலியை முற்றாகக் கழற்றிவிடுவதும் நல்ல முடிவே. உடைந்து தொங்கும் பயனற்ற பீலியை வைத்திருப்பதினும் அது நூறு மடங்கு மேல். மதிலோடு மதில் ஒட்டிய வீட்டுக்கு இவ்வழி இல்லை.

ஆண்டுக்கு இரண்டு முறை அதனைப் பார்ப்பவர் யார்? இதற்கு விடை இல்லையாயின் வலை பொருத்தாதிருப்பதே நலம். வலையுள்ள பீலியைத் துப்புரவாக்கல் திறந்த பீலியைத் துப்புரவாக்கலினும் கடினம். முதலில் வலையைக் கழற்றவேண்டும். ஆதலால் திருகாணி இறுக்கி மூடியதை வாங்காது, கையாற் கழற்றி மாட்டக்கூடியதை வாங்குக. செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலைக்கும் பொருத்துவதற்கும் ஆகும் மொத்தத் தொகையை, ஒருமுறை பீலி துப்புரவாக்கும் கூலியால் வகுத்தால், எத்தனை தடவைக் கூலியை முன்கூட்டியே கொடுக்கின்றோம் என்பது விளங்கும். வலை அத்தனை காலம் உழைக்குமா என்பதே பிறகு கேட்கவேண்டியது.

வலை உண்டோ இல்லையோ, எல்லோரும் செய்யவேண்டியவை சில. பீலிக்குப் பத்தடி நீளத்துக்குக் கால் அங்குலமாவது சாய்வு வேண்டும். அரை அங்குலம் இருப்பின் நன்று. மேற்றலைப்பில் ஒரு வாளி நீரை ஊற்றிக் கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள். எங்கேனும் நீர் நின்றால் அவ்விடத்துக் கொக்கி தாழ்ந்துள்ளது என்பது பொருள். கச்சான் ஓய்ந்து மழை தொடங்குமுன், செப்டெம்பர் மாதத்தில் ஒருமுறை துப்புரவு செய்க. மழை ஓய்ந்த பின் மாசியில் மற்றொருமுறை செய்க. இடையில் மழை விட்டுவிட்டுப் பெய்யும் வாரங்களில், நுளம்பு உருவாகும் ஏழு நாளைக் கருதி, வாரத்துக்கொருமுறை பீலியின் வாயை நோக்குக. குடம்பி நெளிந்தால் உடனே வழித்துக் கொட்டுக.

ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளிச் சாத்துக. கீழே ஒருவர் பிடித்துக்கொள்க. தாவாரத்தை ஒட்டி மின்கம்பி வருகின்றதா என்று முதலிற் பார்க்க. அஸ்பெஸ்தஸ் தகட்டின் மேல் ஒருபோதும் ஏறி நில்லாதீர், அது முறியும். அதனை உலர்ந்த நிலையிற் சுரண்டவும் வேண்டாம். அத்தூள் சுவாசத்துக்குக் கேடு.

முடிவாகக் கூறுவது இதுவே. பீலி வலை இலையின் ஒரு பகுதியைத் தடுத்து, வேலையைச் சற்றே குறைத்து, அவ்வேலை செய்யவேண்டிய நாளையும் சிறிது தள்ளிப்போடும். அவ்வளவில் அது நல்ல வேலையாள். வீட்டைக் கவனிக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தால், சொல்லாமலே துரோகம் செய்யும் வேலையாள். மரம் பார்த்து, மதில் பார்த்து, சாய்வு பார்த்து வேண்டுவோர் வலையைப் பொருத்துக, வேண்டாதோர் விட்டுவிடுக. இரு சாராரும் ஐப்பசி பிறக்குமுன் ஏணியை எடுத்து ஒருமுறை மேலே பார்த்துவிடுவாராக. அதற்கு ஆகும் நேரம் ஒரு முற்பகல். அது காப்பதோ வீட்டுப் பிள்ளைகளையும் அயல்வீட்டுப் பிள்ளைகளையும்.